மணியில்லாத ஊரில் சுதந்திர நாள்

சாந்தா ரீத்தா, மெக்சிகோ
1915 செப்டம்பர் 22

அன்பு மகள் ஹெர்லிந்தாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் பெரியம்மா ஓதிலியாவும் உயிரோடும் கைகால் சுகத்தோடும் இருக்கிறோம். நீயும் மருமகன் கிளெமெந்தேவும், இன்னும் முகம் காட்டாத அந்தச் சின்ன ஆளும் அங்கே சான் அந்தோனியோவில் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தது முதல் படுக்கிறவரை என் நினைப்பு. கடவுள் கிருபையால் என்று எழுதினால் உன் அம்மாவுக்குப் பிடிக்கும். மழையின் கிருபையால் என்று நான் எழுதுகிறேன், ஆறு கரை தொட்டு ஓடியதால்தான் எதிரிப்படைக்குப் பாலத்தை விட்டால் வேறு வழி இல்லாமல் போனது. தாளில் அங்கங்கே மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி. மாவு எப்படி வந்தது என்பது பிறகு வரும்.

உன் கடிதம் துறைமுகத்திலிருந்து வந்த உப்பு வியாபாரி கையில் கிடைத்தது. உறை கிழியும் அளவுக்கு அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய், எனக்குக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் மூன்று வரி. ஆளுநர் ஆகிவிட்டால் அப்பாவுக்குப் படிக்க நேரம் இருக்காது என்று நினைத்தாயோ என்னவோ. கழுதைப் பொதி ஓட்டிய காலத்தில் மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் படித்தவன் நான். என் மகள் ஒரு மூட்டை எழுதினாலும் உட்கார்ந்து படிப்பேன். சரி, அந்த மூன்று வரியில் நீ கேட்டிருப்பது என்ன? கோயில் மணிகளை உருக்கியதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பதவியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும், ஊர் எதிரி கையில் விழுவதற்குள் இருவரும் எல்லை தாண்டி உன்னிடம் வந்துவிட வேண்டும். பதிலை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மாட்டேன், மாட்டேன், மாட்டேன். உன் அம்மா என்னோடு பேசாமல் இருந்ததும் உண்மை, ஊர் போய்விடும் என்ற நிலை வந்ததும் உண்மை. இரண்டும் ஒரே நாளில் ஒரே முடிச்சாக வந்து என் முன்னால் விழுந்தன. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்மா எழுதியது ஒரு பக்கம், மறுபக்கத்தையும் கேட்டுவிட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்.

ஆகஸ்டில் நம் படை தெற்கே போனபோது இந்த ஊரைக் காக்க எனக்கு விட்டுப்போனது வடக்கத்திக்காரக் கர்னல் உர்கீசாவையும், கொஞ்சம் சிப்பாய்களையும், சுடாத ஒரு பழைய பீரங்கியையும்தான். வெண்கலம் கொடுத்தால் புதுப் பீரங்கி வார்த்துத் தருகிறோம் என்று ரயில் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். இந்த ஊரில் வெண்கலம் எங்கே இருக்கிறது? தரையில் இல்லை, கோபுரங்களில் இருக்கிறது. பிஷப் முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்ட அன்றே கப்பல் ஏறிவிட்டார், பாதிரியார்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மணிகளை யார் காக்க வேண்டும், ஊரை யார் காக்க வேண்டும்? மணிகளை இறக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குக் கொண்டுவந்து நீட்டினாலும் போடுவேன். ஒவ்வொரு மணியையும் பொதி இறக்குகிற மாதிரி கயிறு கட்டி, ஒரு கீறல் விழாமல் நானே நின்று இறக்கினேன். சதுக்கத்தில் பெண்கள் மண்டியிட்டு அழுதார்கள், ஒருத்தி என் மேல் அவித்த பீன்ஸை வீசினாள். பசி நாளில் பீன்ஸை வீசுகிறாள் என்றால் கோபம் உண்மையானது என்று தெரிந்துகொண்டேன்.

அன்று மதியம் உன் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தன் போர்வையையும் மக்காச்சோளம் அரைக்கும் கல்லையும் எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவில் உன் பெரியம்மாவின் ரொட்டிக்கடைக்குப் போய்விட்டாள். அந்தக் கல்லைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், உனக்கே தெரியும். அவள் ஒருத்தியாக இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அரசாங்கம் குடியேறிய பிஷப் மாளிகையில் அவளுக்கு முதலிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. "பிஷப் கட்டில்ல படுத்துத் தூங்குறவள்னு ஊர் என்னைச் சொல்லணுமா?" என்று தரையில் பாய் விரித்துத்தான் படுத்தாள். மணிகள் அவளுக்குக் கடைசிச் சாக்கு என்று அப்போது நினைத்தேன். சாக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆளுநர் வாழ்க்கை என்றால் அங்கே நீங்கள் என்ன நினைக்கிறீர்களோ தெரியவில்லை. விடிந்தால் மாளிகை முற்றத்தில் கூட்டம். சிப்பாய்கள் தன் பசுவைத் தின்றுவிட்டார்கள் என்று ஒரு விதவை, ஒரே ஊற்றுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு ஊர்க்காரர்கள், பிறந்த மகனுக்குப் புரட்சி என்று பெயர் வைக்கலாமா என்று கேட்டு ஒரு தகப்பன். வளர்ந்தபின் அவனை எவள் கட்டிக்கொள்வாள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அச்சடிக்கத் தாள் தீர்ந்துபோய், பிஷப் வீட்டுச் சுவரில் ஒட்ட வாங்கி வைத்திருந்த ரோஜாப்பூப் போட்ட தாளின் பின்பக்கத்தில் ஆணைகளை அச்சடிக்கிறோம். சாராயக்கடைகளை மூடும் ஆணையைப் பெண்கள் போட்டி போட்டு வாங்கிப் போனார்கள். மகிழ்ந்துபோனேன். பிறகு பார்த்தால் பூப்பக்கம் தெரியும்படி வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இதற்கு நடுவில் என் சட்டையை நானே துவைத்து பிஷப்பின் பல்கனியில் காயப் போட்டேன். ஊர் முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.

அப்போது ரொட்டிப் பிரச்சினை வேறு. அரசாங்கக் கிடங்கிலிருந்து மாவு ஒதுக்கி எல்லா ரொட்டிக்கடைக்கும் அனுப்பினேன், ஓதிலியாவின் கடையிலிருந்து மட்டும் ஒரு ரொட்டி வெளியே வரவில்லை. மேட்டுத்தெரு முழுவதும் அவள் அடுப்பை நம்பித்தானே இருக்கிறது. ஏன் சுடவில்லை என்று கேட்டு ஆள் அனுப்பினேன். உன் பெரியம்மா சொல்லி அனுப்பிய பதில் இது: "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அடுப்பு முழுகாம இருக்கு. நெருப்பு வெச்சா உள்ள இருக்கிற புள்ளைக்கு ஆகாது." மாநில அரசாங்கத்துக்கு ஒரு பெண் அனுப்பும் பதிலா இது? செயலாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுபடி ஆள் அனுப்பினேன். "அவசரப்பட்டா எப்படி, நாள் வரட்டும்" என்று பதில் வந்தது.

கர்னல் உர்கீசா ஒரு நாள் மேசை முன்னால் வந்து நின்றார். "கவர்னர் ஐயா, ஊர்ல மொத்தம் ஏழு கோயில் மணி. பட்டறைக்கு ஆறுதான் வந்திருக்கு. மேட்டுத்தெருக் கோயில் மணி எங்க?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை, எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் உன் அம்மாவோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒரு எண்ணம் இருந்தது, எண்ணம் வேறு, தெரிவது வேறு. வீடு வீடாகச் சோதனை போடுகிறேன் என்றார் கர்னல். என் மாநிலத்தில் நீதிபதியின் எழுத்து இல்லாமல் எந்தச் சிப்பாயும் யார் வீட்டு வாசலையும் தாண்டக்கூடாது என்று சொன்னேன். அந்த ஆணையும் என்னுடையதுதான். "நீதிபதிதான் ஓடிட்டாரே ஐயா" என்றார். அவர் வரும்வரை காத்திருங்கள் என்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். நல்ல மனிதர், பொறுமைதான் குறைவு. அந்த ஆறு கோயில் மணிகளிலிருந்து இரண்டு பீரங்கிகள் வந்தன. அவற்றைப் பாலத்தின் இந்தப் பக்கம் நிறுத்தினோம்.

செப்டம்பர் பிறந்ததும் எதிரிப்படை வடக்கிலிருந்து இறங்க ஆரம்பித்தது. எங்கள் சிப்பாய்கள் போதாது. எங்கள் பலம் எல்லாம் மலை ஊர்க்காரர்கள்தான். அரசாங்கம் ஊரில் இருக்கிறவரை துப்பாக்கியோடும் மக்காச்சோளத்தோடும் இறங்கி வருவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஓடிப்போன அரசாங்கத்துக்காக அவர்கள் ஏன் சாக வேண்டும்? இது எதிரித் தளபதிக்கும் தெரியும். கழுதைக்காரக் கவர்னர் ரயில் ஏறி ஓடிவிட்டான் என்று மலை ஊர்களிலெல்லாம் சொல்லிப் பரப்பினான். தந்திக் கம்பியை அறுத்துவிட்டான். நாங்கள் அனுப்பிய குதிரைக்காரர்கள் திரும்பவில்லை. தீ மூட்டிக் காட்டலாம் என்றால் மேகம் மலையை மூடிக் கிடந்தது. பீரங்கியைச் சுட்டுக் காட்டலாமே என்றார் கர்னல். பீரங்கிச் சத்தம் கேட்டால் ஊர் விழுந்துவிட்டது என்றுதான் மலைக்காரன் நினைப்பான் என்றேன். அப்போதுதான் செயலாளர் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பதினைந்தாம் தேதி வருகிறது. நீ பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். சுதந்திர நாளின் முந்தின நாள் ஆளுநர் பல்கனியில் வந்து வீரர்களின் பெயரைச் சொல்லிக் கத்துவார், கத்தியதும் ஊர் மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், அதைக் கேட்டு மலை ஊர்க்காரர்கள் வானத்தில் சுடுவார்கள். மணி கேட்டால் ஊரில் அரசாங்கம் இருக்கிறது, கேட்காவிட்டால் இல்லை. மலையில் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். அந்த மணிகளைத்தான் நான் பீரங்கியாக்கிப் பாலத்தில் நிறுத்தியிருக்கிறேன். நீ சொல்ல நினைப்பதைச் சொல்ல வேண்டாம்.

பதினைந்தாம் தேதி காலையில் மேட்டுத்தெருவுக்கு நானே நடந்து போனேன். ஓதிலியா கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "வாங்க மாப்பிள்ளை, வழி ஞாபகம் இருக்கா? கவர்னருக்கு உட்கார நாற்காலி இல்லையே, மாவு மூட்டை பரவாயில்லையா?" என்றாள். உன் அம்மா முற்றத்தில் மண்டியிட்டு மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. வாசலிலேயே நின்று, அரசாங்கத்துக்கு இன்றைக்கு ஒரு மணி வேண்டும் என்றேன். உன் அம்மா என்னிடம் பேசவில்லை, தன் அக்காவிடம் பேசினாள். "அக்கா, அரசாங்கத்துகிட்ட ஆறு மணி இருக்கே. பாலத்துல போய் அடிச்சுக்கச் சொல்லு." பீரங்கி அடித்தால் மலையில் என்ன நினைப்பார்கள் என்று விளக்கினேன். "அக்கா, வீட்டுக்குள்ள தேட நீதிபதி எழுத்து கொண்டாந்திருக்காரான்னு கேளு. சட்டம் அவர் போட்டதுதான்." நான் வாசலைத் தாண்டவில்லை என்றேன். "அது தெரியுது" என்றாள் ஓதிலியா. பிறகு மலை ஊர்க்காரர்கள் வராவிட்டால் இரண்டு நாளில் எதிரி இந்தத் தெருவில் இருப்பான், மேட்டுத்தெருவில்தான் முதலில் நுழைவான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். உன் அம்மாவின் கை கல்லின் மேல் நின்றது. "அக்கா, மணியை இறக்கினது தப்புன்னு சாயங்காலம் பல்கனியில நின்னு ஊர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும். மணி எங்க இருக்குன்னு நானே தேடிக் கொடுக்கிறேன்" என்றாள்.

ஹெர்லிந்தா, என்னால் முடியவில்லை. அந்த இரண்டு பீரங்கிகள் இல்லாவிட்டால் எதிரி எப்போதோ பாலம் தாண்டியிருப்பான். செய்தது சரி. சரியைத் தப்பு என்று சொல்லி வாங்கும் மணி எனக்கு வேண்டாம் என்றேன். "அக்கா, அப்ப அவர் போகலாம்" என்றாள். போனேன்.

தெருமுனை வரை ஓதிலியா கூட வந்தாள். அங்கே நின்று, அவள் வாயில் நான் அதுவரை கேட்டிராத மெதுவான குரலில் ஒன்று சொன்னாள். உனக்கு ஒரு வயது ஆனபோது துறைமுகத்திலிருந்து உனக்குத் தங்கத் தோடு வாங்கி வந்தேன், நினைவிருக்காது. அடுத்த பயணம் போய்த் திரும்பி வந்தபோது உன் காதில் தோடு இல்லை. ஆற்றில் குளிப்பாட்டும்போது விழுந்துவிட்டது என்று அம்மா சொன்னாள், நானும் இரண்டு நாள் ஆற்றில் தேடினேன். ஆற்றில் விழவில்லையாம். நான் வழியில் இருந்தபோது உனக்குக் காய்ச்சல் வந்து, கண் திறக்காமல் கிடந்தாயாம். அந்த வாரம் மேட்டுத்தெருக் கோயிலுக்கு மணி வார்த்துக்கொண்டிருந்தார்கள். உருகிய வெண்கலத்தில் பெண்கள் தங்கம் போடுவது வழக்கம்தானே. உன் அம்மா உன் தோட்டைக் கழற்றி அதில் போட்டாள். மறுநாள் நீ கண் திறந்தாய். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது போல மணிக்கு நிக்கோலாசா என்று பெயர் வைத்தபோது அவளையே ஞானத்தாயாக நிறுத்தினார்கள். ஞானத்தாயாக நின்றது எனக்குத் தெரியும், தோடு விஷயம் தெரியாது. "ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா? கோயிலுக்குக் கொடுத்தேன்னு சொன்னா நீங்க அந்தக் கோயில் கூரையைப் பிரிச்சிருப்பீங்க மாப்பிள்ளை" என்றாள். பிரித்திருப்பேன். "மகள் தோட்டைப் பீரங்கியில போட்டுச் சுடப்போறீங்கன்னுதான் அவ அன்னைக்குக் கல்லைத் தூக்கிட்டு வந்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மாளிகைக்கு வந்து நான் சாப்பிடவில்லை. பொதிக்காலத்துப் பெட்டியைத் திறந்தேன். பலோமாவை உனக்கு நினைவிருக்கும், மறக்கவே மாட்டாய். கோவேறு கழுதைகளுக்கு முன்னால் கழுத்தில் மணி கட்டி நடக்கும் அந்த வெள்ளைக் குதிரை. அவள் மணி போகும் இடத்துக்குத்தான் கழுதைகள் எல்லாம் போகும். கணவாய் தாண்டும்போதே அந்த மணி வீட்டுக்குக் கேட்கும், கேட்டதும் உன் அம்மா பீன்ஸ் பானையை அடுப்பில் ஏற்றுவாள், நான் வந்து சேணம் இறக்கும்போது கொதித்திருக்கும். நீ வாசலில் நின்று "பலோமா வந்தாச்சு" என்று கத்துவாய். அப்பா வந்தாச்சு என்று ஒரு நாளும் கத்தியதில்லை, அது இருக்கட்டும். பலோமா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவள் மணி பெட்டியில் இருந்தது. வேறு மணி இல்லாததால் அதை எடுத்தேன். வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை. உன் பெரியம்மா இப்போது ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள், நம்பாதே.

இருட்டியபின் யாரும் வெளியே வரக்கூடாது என்பதும் என் ஆணை, அதனால் பொழுது இறங்குவதற்கு முன்பே விழாவை வைத்தேன். சதுக்கத்தில் ஜனம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. பல்கனிக்கு வந்தேன், வீரர்களின் பெயர்களைச் சொன்னேன், மெக்சிகோ வாழ்க என்று கத்தினேன், ஜனமும் கத்தியது. அப்புறம் வழக்கப்படி எல்லோரும் கோபுரங்களைப் பார்த்தார்கள். கோபுரங்கள் பொக்கை வாயோடு நின்றன. நான் கோட்டுக்குள்ளிருந்து பலோமாவின் மணியை எடுத்து ஆட்டினேன். டொக் டொக் என்று ஒரு தகரச் சத்தம். முதலில் ஒன்றும் புரியாமல் நின்றார்கள். பிறகு செருப்புத் தைக்கும் அன்செல்மோ, உனக்குத் தெரியுமே, உன் கல்யாணச் செருப்பைத் தைத்தவன், அவன் கத்தினான். "கவர்னரே, சரக்கு வந்தாச்சா? உப்பு என்ன விலை?" சதுக்கம் முழுக்கச் சிரித்தது. இன்னொருவன் "கழுதையை மட்டும் காணோமே" என்றான். "அதான் பல்கனியில நிக்குதே" என்றான் அன்செல்மோ. கர்னல் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். நான் நிறுத்தவில்லை. நான் கழுதைக்காரன்தான், அதில் எனக்கு என்ன வெட்கம்? நிறுத்தினால் அதோடு எல்லாம் போயிற்று என்று தெரியும். கை தளரும்வரை ஆட்டினேன், அப்புறம் மறு கைக்கு மாற்றி ஆட்டினேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. மழைச் சத்தமும் இந்த டொக்டொக்கும் மட்டும்தான்.

அப்போது மேட்டுத்தெருவிலிருந்து நிக்கோலாசா அடித்தாள்.

சின்ன மணிதான், ஆனால் அவள் குரல் உனக்குத் தெரியும், சன்னமாக நீண்டு போகும். ஒரு அடி, இடைவெளி, இன்னொரு அடி, பிறகு நிற்காமல். சதுக்கத்தில் பெண்கள் அப்படியே மண்டியிட்டார்கள். அன்செல்மோ தொப்பியைக் கழற்றினான். நான் கழற்றவில்லை. கழற்றினேன் என்று யாராவது எழுதினால் நம்பாதே. அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது, நாங்கள் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தோம், மேகம் ஒன்றையும் காட்டவில்லை. பிறகு கேட்டது. தூரத்தில் ஒரு துப்பாக்கி. அதற்கு மேலே இன்னொன்று. பிறகு மலை முழுவதும், இடம் வலம் என்று, ஒவ்வொரு ஊராக. கர்னல் அழுதார். வடக்கத்திக்காரர்கள் இப்படிச் சீக்கிரம் அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாளே மலைக்காரர்கள் சோளத்தோடும் துப்பாக்கியோடும் இறங்கினார்கள். அதற்கு அடுத்த நாள் எதிரி பாலத்துக்கு வந்தான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை சண்டை. இரண்டு பீரங்கிகளும் தம் வேலையைச் செய்தன, மலைக்காரர்கள் கரையைப் பிடித்தார்கள். எதிரி திரும்பி மேற்குப் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விட்டான். திரும்ப வருவானா என்று கேட்காதே, தெரியாது. நாங்கள் இங்கே இருக்கிறோம், அது தெரியும். அன்செல்மோ பாலத்தில் செத்துப்போனான். கழுதை என்று கத்தியவன், கூப்பிடாமலே வந்து நின்றான். அவனையும் மற்றவர்களையும் புதைத்தபோது பாதிரியார் இல்லை, நிக்கோலாசாதான் அடித்தாள். உன் அம்மாதான் கயிறு பிடித்தாள். கிளெமெந்தே அச்சடிக்கும் பத்திரிகையில் அன்செல்மோவின் பெயரை ஒரு வரி போட முடியுமா என்று கேள். செருப்புத் தைப்பவன் என்றும் போடட்டும்.

மணியை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்பாய். இறக்கி வைத்த இரவே தெருப்பெண்கள் தூக்கிப்போய் ரொட்டி அடுப்புக்குள் வைத்துவிட்டார்களாம். அதுதான் அந்த முழுகாமல் இருந்த அடுப்பு. கர்னல் தேடிய மணி இருந்த அடுப்புக்கே, ரொட்டி ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் திரும்பிப் போன அன்று மதியமே தெருப்பெண்கள் அதை வெளியே எடுத்து முற்றத்து மரத்தில் கட்டிவிட்டார்களாம். அப்படியானால் அடிக்கத்தான் எடுத்தீர்களா என்று ஓதிலியாவைக் கேட்டேன். "இல்ல மாப்பிள்ளை, பண்டிகை நாள்ல ரொட்டி சுட அடுப்பு வேணும்னு உங்க பொண்டாட்டி எடுக்கச் சொன்னா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கர்னல் ஏழாவது மணியைப் பற்றி மறுபடி வந்தார். ஆணை அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்தும் மாறவில்லை, மூன்றாவது பீரங்கி தேவைப்படும் நாளில் அதன் முறை வரும், அதுவரை அது தன் ஞானத்தாயின் பொறுப்பில் இருக்கிறது, இப்போதே வேண்டுமானால் நீங்களே போய் அவளிடம் கேளுங்கள் என்றேன். போனார். கையில் சூடான ரொட்டியோடு திரும்பி வந்தார். அதன்பின் கேட்கவில்லை.

சண்டை முடிந்த சாயங்காலம் நான் ரொட்டிக்கடைக்குப் போனேன். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, எழுத்தும் கொண்டுபோகவில்லை. உன் அம்மா மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் நின்றேன். அவள் நிமிராமல், அக்காவைக் கூப்பிடாமல், என்னிடமே சொன்னாள். "பலோமா அப்படி நடக்கவே மாட்டா. ரொம்ப வேகமா அடிச்சீங்க." அன்றைக்குப் பலோமா பயந்துபோயிருந்தாள் என்றேன். உன் அம்மா கொஞ்ச நேரம் பிசைந்தாள். பிறகு மேசையில் பாதி மாவை முழங்கையால் அந்தப் பக்கம் ஒதுக்கினாள். அந்த இடத்தில்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். மாளிகையைப் பள்ளிக்கூடமாக்கிவிட்டேன், பிஷப்பின் கட்டிலைப் பிரித்துப் பெஞ்சு செய்கிறார்கள். மாநில அரசாங்கம் இப்போது ரொட்டிக்கடையின் பின்பக்கத்தில் நடக்கிறது. ஊற்றுக்கு அடித்துக்கொண்ட இரண்டு ஊர்க்காரர்களும் வரிசையில் நின்று ரொட்டி வாங்கிக்கொண்டு, அப்படியே வழக்கையும் பேசித் தீர்த்துவிட்டுப் போனார்கள். மன்னிப்பு நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆகவே மகளே, நாங்கள் வரவில்லை. உன் அம்மாவையும் கேட்டேன், அவள் மணியை விட்டு வரமாட்டாளாம். அங்கே பனிக்காலம் வருகிறது. தரையில் வெறுங்காலோடு நடக்காதே, கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, கனமானதைத் தூக்காதே, அம்மாவைப் பார்த்துக் கல்லைத் தூக்கக் கற்றுக்கொள்ளாதே. பிறப்பது பெண்ணானால் உடனே எழுது. வழி திறந்ததும் துறைமுகத்துக்குப் போய் அதே மாதிரித் தோடு வாங்குவேன், கடை எது என்று எனக்கு நினைவிருக்கிறது. எந்த வேண்டுதலுக்கும் அதைக் கழற்றாதே, இந்தக் குடும்பம் கொடுத்தது போதும். கழற்ற வேண்டிய நிலை வந்தால், ஆற்றில் விழுந்தது என்று சொல்லாமல் கிளெமெந்தேவிடம் உள்ளதைச் சொல்லிவிடு. அவன் என்னைப் போலக் கூரை பிரிக்கிற ஆள் இல்லை.

உனக்கும் அவனுக்கும் வரப்போகிற உயிருக்கும் எந்தக் குறையும் வராமல், வயிறு நிறைந்து, பயமில்லாமல் தூங்கி எழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அம்மாவின் ஆசீர்வாதம் தனித் தாளில் வருகிறது, அதில் கடவுள் நிறையப் பேர் இருப்பார்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் அவளுக்கும் சரிபாதியாக எழுது, பின்பக்கத்தில் எழுதாதே. இது குடும்ப விஷயம் என்பதால் அரசாங்க முத்திரை போடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, அவள் மேசையைத் துடைக்க வந்துவிட்டாள், இடத்தைக் கொடுக்க வேண்டும்.

உன் அப்பா,
பலோமாவோடு வந்தவன்,
எவரிஸ்தோ சல்தீவார்